பாவாயிக்காக நான் எழுதிய மொட்டைக் கடிதம்

ஏட்டு குனிந்து எங்கள் தறிக்கூடத்துக்குள் வந்தார். கூடத்தின் வாசல்நிலை தாழ்வானது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு தடவையாவது நெற்றியை இடித்துக்கொள்வார்கள். அவர் இடித்துக்கொள்ளவில்லை. கவனமான ஆள்தான் என்று நினைத்தேன்.

அவர் கையில் நான்காக மடித்த ஒரு நீலத் தாள் இருந்தது.

கூடத்தில் நான்கு குழித்தறிகள். நான் மூலையில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற தார்க்குச்சிகளுக்கு ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். போலீஸ் உடுப்பைக் கண்டதும் நான்கு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வெளியே எருமை ஒன்று அசை போடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நாளும் அந்த எருமை அங்கேதான் கட்டியிருந்தது, அன்றைக்குத்தான் அது அசை போடுவது என் காதில் விழுந்தது.

"இந்த ஊட்டுல எழுதத் தெரிஞ்சவங்க யாராரு?" என்று ஏட்டு கேட்டார்.

என் கையில் நூல் அறுந்தது. முடி போட்டுச் சேர்க்க விரல் வரவில்லை.

சென்ற வாரம் இந்தத் தொடரில், என் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போட்ட கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகி "உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா அம்மா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் இந்த வாரத்தைத் தவறாமல் படிக்க வேண்டும். அந்த நீலத் தாளைக் கண்டபோது எனக்கு வந்தது பயமில்லை என்றால், பயத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

காப்பிக் கடைப் பெட்டி

நான் ஓமலூரில் பிறந்து, அங்கே போர்டு பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்து, ஜலகண்டாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். என் வீட்டுக்காரர் பெயர் அர்த்தநாரி. அவர் தம்பி சென்னியப்பன், கல்யாணமாகாதவன். அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு தறி, மற்ற இரண்டு தறிகளுக்கும் கூலிக்கு ஆள்.

கூடத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. அந்தக் கடைக்காரர் ஒரு கிராமபோன் பெட்டி வைத்திருந்தார். காப்பி விற்றதைவிட அதைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம் இருக்கும். யுத்த காலமாகையால் புது ஊசி கிடைக்காது. பழைய ஊசியையே சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிப் போடுவார். பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மழை பெய்கிற மாதிரி இரையும். அப்புறம் பாவாயி வருவாள்.

சங்ககிரி பாவாயம்மாள் என்று பிளேட்டில் போட்டிருக்கும். எங்களுக்கு அவள் பாவாயிதான். சங்ககிரி மலையடிவாரத்தில் பண்ணையாட்கள் வீட்டில் பிறந்து, கிணற்றுமேட்டில் மாடு ஓட்டிக்கொண்டே பாடியவளை ஒரு நாடகக் கம்பெனிக்காரர் கூட்டிப் போனதாகச் சொல்வார்கள். சங்கீதத்தை முறையாகக் கற்றவளில்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது ஓரிடத்தில் குரல் லேசாகக் கீறும். அந்தக் கீறலுக்காகத்தான் நாங்கள் காத்திருப்போம். அந்த இடம் வரும்போது என் வீட்டுக்காரர் நாடாவை வீசாமல் கையிலேயே பிடித்துக்கொள்வார். கேட்டால், நூல் சிக்கிவிட்டது என்பார். தினமும் அதே இடத்தில் எப்படி நூல் சிக்கும் என்று நான் கேட்டதில்லை.

அவள் நாடக நோட்டீஸில் படத்துக்குக் கீழே, "அன்புடன் பாவாயி" என்று சுழித்துப் போட்ட கையெழுத்து அச்சாகியிருக்கும். சென்னியப்பன் அதை மட்டும் கத்தரித்துத் தன் தறிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தான். என்ன அழகான கையெழுத்து என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கஞ்சிரா

பட்டணத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வரும். எங்கள் ஊரில் சவரக் கடைக்கு மட்டும்தான் வரும். நான்கு நாள் அங்கே அழுக்கான பிறகு சென்னியப்பன் அதைக் கேட்டு வாங்கி வருவான். நான் ராட்டையை ஒரு கையால் சுற்றிக்கொண்டே உரக்கப் படிப்பேன். கூடமே கேட்கும். பெண்பிள்ளை படிக்கிறாள், ஆண்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அவர்களும் வாசலில் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதில் கஞ்சிரா என்ற புனைபெயரில் ஒருவர் சங்கீதமும் நாடகமும் விமர்சனம் செய்வார். நன்றாகத்தான் எழுதுவார். அதுதான் எரிச்சல். மோசமாக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்போம்.

பாவாயி என்றால் அவருக்கு அவல் கிடைத்த மாதிரி. ஒரு வாரம், கிணற்றுச் சகடைக்கு எண்ணெய் போட மறந்துவிட்டார்கள் என்று எழுதுவார். இன்னொரு வாரம், அம்மாள் மேடையில் வாயைத் திறந்ததும் பக்கத்து வண்டிமாடுகள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றன என்பார். அவள் நிறத்தை எழுதினார், பேச்சை எழுதினார், மூக்குத்தியை எழுதினார். பாட்டைப் பற்றி எழுதிய வரி ஒன்றிரண்டு இருக்கும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்போம். படிக்காமலும் இருக்க முடியவில்லை, அவள் பெயர் அச்சில் வருகிறதே.

ஒரு வாரம் இப்படி எழுதினார். இந்த அம்மாளின் பாட்டைக் காதால் கேட்கிறவர்கள் ஒருவரும் இல்லை, சேலம் பக்கத்துத் தறிக்குழிகளில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் காலால் கேட்கிறார்கள்.

நான் பாதியில் நிறுத்திவிட்டேன். நான்கு பேரும் குழிக்குள் மிதிப்பலகை மேல் இருந்த தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் கால்களைப் பற்றி நாங்கள் வெட்கப்பட்டதே இல்லை.

சென்னியப்பன் அன்றைக்கே ஒரு தபால் கார்டு வாங்கித் தானே எழுதிப் போட்டான். பெயரும் ஊரும் போட்டு, மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். எங்கள் பாவாயியை நீங்கள் ஒருமுறை நேரில் கேளுங்கள், கேட்டால் இப்படி எழுத மனம் வராது என்பதுதான் விஷயம். அவன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், அது வாஸ்தவம். இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையில் அந்தக் கார்டை அப்படியே படம்போலப் பிளாக் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கஞ்சிரா கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: காலால் கேட்கிறவர்கள் காலாலேயே எழுதவும் செய்கிறார்கள்.

அடுத்த மாதம் எடப்பாடிப் பக்கம் சென்னியப்பனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "காலால எழுதற மாப்பிள்ளை இவருதானுங்களா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணும் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

ஒரு காலை வேளை

தறியில் ஏற்றுகிற நீள நூலுக்கு, அதாவது பாவுக்கு, கஞ்சி போடுகிற காலை. ஆண்கள் எல்லாரும் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் புணி என்ற நீளத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தார்கள். நான் கஞ்சிச் சட்டியைக் கழுவ உள்ளே வந்தேன். சென்னியப்பன் பின்னாலேயே வந்தான்.

பாவாயி சேலத்துக்கு நாடகம் போட வருகிறாள் என்றும், கஞ்சிரா அதைப் பார்க்க நேரில் வரப்போவதாக எழுதியிருக்கிறார் என்றும் சொன்னான். அவரை வரவிடக் கூடாது என்றான். பயமுறுத்தி ஒரு கடிதம் போட்டால் வரமாட்டார் என்றான்.

"நீங்க எழுதிக் குடுங்க அண்ணி. என்ற எழுத்துதான் அவனுக்குத் தெரியுமே. உங்க எழுத்துன்னா படிச்ச ஆம்பளை எழுதுனாப்பல இருக்கும்."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் ஐந்து வகுப்புப் படித்த படிப்பு, தார் சுற்றுகிற கைக்குள் வீணாகக் கிடக்கிறதே என்று எனக்கு ஒரு ஆற்றாமை இருந்தது. காலால் எழுதியது என்று கஞ்சிரா சொல்ல முடியாத ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

காகிதம் கிடையாது. யுத்தத்தில் காகிதம் என்பது பண்டிகைப் பட்சணம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நூல் சிப்பம் சுற்றி வருகிற நீலத் தாள்தான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெள்ளை. சர்க்கரை மடிப்பது அதில், பிள்ளைகள் படம் போடுவது அதில், கூரை ஒழுகினால் தறியில் இருக்கிற துணியை மூடுவதும் அதில்தான். ஒரு துண்டு கிழித்து வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன்.

அந்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம். "சேலம் மண்ணில் நீ கால் வைத்தால், அந்தக் கால் உனக்குச் சொந்தமில்லை." இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். காலுக்குக் கால் பதில் சொல்லியாயிற்று. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. சென்னியப்பன் தபாலாபீஸில் கவர் வாங்கிப் போட்டு, துணி கொண்டுபோன சாக்கில் சேலத்திலேயே பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

நீலப் பக்கம்

ஐந்தாறு நாள் கழித்துப் புது நூல் வந்தது. என் வீட்டுக்காரர் சிப்பத்தை மடியில் வைத்துத் தாளைப் பிரித்தார். நான் எதிரே நூல் சிட்டங்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

அப்போது நூலுக்குக் கண்ட்ரோல். தறி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கார்டு உண்டு, அதைக் காட்டினால்தான் டிப்போவில் நூல். வாங்கிய நூலைக் கள்ளமாக விற்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் ஊர்ப் பெயரையும் கார்டு எண்ணையும் டிப்போ குமாஸ்தா காப்பிப் பென்சிலால் எழுதி விடுவார். ஈரம் பட்டால் ஊதா நிறமாகப் பரவுகிற எழுத்து. எங்கள் வீட்டில் அடுப்பங்கரை முதல் சாமி மாடம் வரை அந்த ஊதா எண் இல்லாத இடம் கிடையாது. அதனாலேயே அது எங்கள் கண்ணில் படுவதில்லை. வெள்ளைப் பக்கத்தில் எழுதும்போது நான் வெள்ளைப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

கையெழுத்துப் போடாத கடிதத்தின் முதுகில் எங்கள் கார்டு எண்ணையே அனுப்பிவிட்டோமோ?

ஏன் புள்ள முகம் வெளுத்துக் கிடக்குது என்று அவர் கேட்டார். பித்தம் என்றேன். சென்னியப்பனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிழித்த துண்டில் எண் இருந்ததா, இல்லையா? எங்கள் இருவருக்குமே நினைவில்லை. மிச்சமிருந்த தாளைத் தேடினோம். அதில் எண் பாதி இருந்தது. மற்றப் பாதி பட்டணத்துக்குப் போயிருந்தது. ஊர்ப் பெயர் இருந்த பக்கமும் அதுதான்.

அன்றிலிருந்து தபால்காரர் தெருவில் திரும்பினால் நான் ராட்டையை நிறுத்திவிடுவேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் மறுபடி சுற்றுவேன். சாப்பாடு இறங்காது. பாவாயி பாட்டு கேட்டால் முன்பெல்லாம் மனம் லேசாகும், இப்போது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கார்டை ரத்து செய்தால் நான்கு தறியும் நிற்கும். என் படிப்புப் பெருமைக்காக இரண்டு கூலிக்காரர் குடும்பமும் சேர்ந்து பட்டினி கிடக்கும். ஜெயிலைவிட இதுதான் என்னை அதிகம் அரித்தது.

கஞ்சிரா பயப்படவில்லை. சேலத்துக்கு வந்தார். நாடகக் கொட்டகை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தபோது யாரோ தள்ளி, அவர் சாக்கடையில் விழுந்து கணுக்கால் முறிந்தது. கடிதத்தை அவர் பையிலேயே வைத்திருந்தாராம். நண்பர்களுக்குக் காட்டிச் சிரிப்பதற்காகக் கொண்டுவந்தது, போலீஸுக்குச் சாட்சியாகப் போயிற்று.

அந்த நாடகத்துக்குச் சென்னியப்பனும் போயிருந்தான். திரும்பி வந்தவனிடம் நான் கேட்டேன், நீ தள்ளினாயா என்று. அவன் சத்தியம் செய்கிற மாதிரி தறிமேல் கையை வைத்தான்.

"நான் தள்ளலீங்க அண்ணி. ஆனா அவன் உழுந்தப்ப சிரிச்சேன்."

அவன் சொன்னதை நான் நம்பினேன். போலீஸ் நம்புமா என்பதுதான் பயமாக இருந்தது.

ஏட்டு கேட்ட ஒரு வரி

இனி ஏட்டிடம் திரும்புகிறேன். நீலப் பக்கத்தில் இருந்த ஊர்ப் பெயரையும் பாதி எண்ணையும் வைத்துத்தான் அவர் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தார். எழுதத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டாரல்லவா? என் வீட்டுக்காரர், சென்னியப்பன், கூலிக்காரர்களில் ஒருவர் என்று மூன்று பேரை முன்னால் நிறுத்தினார். தான் சொல்லுகிற வரியை எழுதச் சொன்னார். கடிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வரியைப் படித்தார்.

நான் எழுதியதைப் பிறர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நடுக்கத்துக்கு நடுவிலும், கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இவர் இவ்வளவு மொட்டையாகப் படிக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. மனசுக்கு வெட்கமே கிடையாது.

மூன்று பேரும் எழுதினார்கள். ஏட்டு ஒவ்வொன்றாகக் கடிதத்தோடு வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். நான் ராட்டைக்குப் பின்னால் மூச்சு விட்டேன். கூடத்தின் மூலையில் இருந்த பெண்பிள்ளையை யாரும் நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நினைத்தார். அவர் சூதுவாது அறியாத மனுஷன். போலீஸ்காரரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைப்பவர். அதோடு அவருக்கு என்னைப் பற்றி ஒரு பெருமையும் உண்டு.

"எங்க ஊட்டுல அவளும் எழுதுவாளுங்க. எங்களையெல்லாம்விட நல்லா எழுதுவா."

ஏட்டு திரும்பி என்னைப் பார்த்தார். பென்சில் மறுபடியும் வெளியே வந்தது.

நான் எழுந்து போனேன். ராட்டைக்கும் தறிக்கும் நடுவே ஆறடி தூரம் இருக்கும். அந்த ஆறடியை நடந்ததுபோல என் ஆயுளில் வேறெந்தத் தூரத்தையும் நான் நடந்ததில்லை. எழுத்தை மாற்றி எழுதலாம் என்று நினைத்தேன். கை கேட்கவில்லை. பயந்த கைக்கு ஒரே ஒரு எழுத்துத்தான் தெரியும், பழகிய எழுத்து. அதிலேயே எழுதினேன். என் வீட்டுக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு வார்த்தை எழுதியதும் அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். துணிக்கட்டுகளின் மேல் பெயர்ச் சீட்டு எழுதுகிறவள் நான்தான். என் எழுத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

ஏட்டு என் தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தாளை மட்டும் தனியாக மடித்துத் தலைப்பாகை மடிப்புக்குள் செருகினார். நூல் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசாரணை முடிகிறவரை இது ஸ்டேஷனில் இருக்கும் என்றார். போகும்போதும் அவர் நிலையில் இடித்துக்கொள்ளவில்லை.

நின்ற தறிகள்

இருந்த நூல் பத்து நாளில் தீர்ந்தது. முதலில் கூலிக்காரர்களின் தறிகள் நின்றன. பிறகு சென்னியப்பனுடையது. கடைசியாக என் வீட்டுக்காரர் நாடாவை வெறும் பாவின்மேல் வைத்துவிட்டு, குழியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

அவர் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் போலிருந்தது. ஒரு நாள் சோறு போடும்போது மட்டும் கேட்டார்.

"அந்தாளு கால நெசமாவே எடுத்துருவேன்னு நெனச்சா எழுதுன?"

"இல்லீங்க. பயப்படுவான்னு நெனச்சேனுங்க."

"இப்ப யாரு பயந்துக்கிட்டிருக்கறோம்?"

ரசத்தை ஊற்றினேன். இலையைத் தாண்டித் தரையில் ஊற்றியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஏட்டு மறுபடி வந்தார். நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று, மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் கார்டை எடுத்துத் தறிக்கட்டையின் மேல் வைத்தார். மோர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பாவாயியையும் சேலம் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, நீ ஏவிவிட்ட ஆட்களா என்று விசாரித்திருக்கிறார்கள். கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதை வாங்கித் திருப்பி, நீலப் பக்கத்தில் ஊதாவாக இருந்த கிறுக்கலைக் காட்டி இது என்ன என்று கேட்டாளாம். நூல் கார்டு எண், ரத்து செய்யப் போகிறோம் என்றார்களாம்.

"கார்டு போனா தறி நின்னு போகுமுங்களான்னு அந்தம்மா கேட்டுச்சு. ஆமான்னோம். அப்பறம், அவுங்களுக்குப் பதிலா நான் என்ன பண்ணோணும்னு கேட்டுச்சு."

கஞ்சிரா மன்னிப்புக் கடிதம் கேட்டாராம். பத்திரிகையில் போடுகிற மாதிரி பாவாயியே தர வேண்டும், தந்தால் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றாராம். அவள் தந்துவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று சொல்லி ஏட்டு எழுந்தார். தலைப்பாகையிலிருந்து என் தாளை எடுத்து, காலி மோர்ச் செம்புக்குள் போட்டு, செம்பை என்னிடம் நீட்டினார்.

"இனிமே பாட்டுக் கேக்கறதோட நிறுத்திக்கங்க" என்றார்.

அன்று மாலையே நூல் வந்தது. அடுப்பில் அந்தத் தாளை எரித்தேன். பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். தப்பித்தோம் என்று சென்னியப்பனும் நானும் சிரிக்கக்கூடச் செய்தோம்.

கட்டைவிரல்

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. வழக்கம்போல நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பாவாயியின் மன்னிப்பு நான்கே வரி. யாரோ எழுதிக் கொடுத்த வரிகள். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் பிளாக் எடுத்துப் போட்டிருந்தது. முதலில் மை கொட்டிவிட்டது என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ரேகைகள் தெரிந்தன.

பாவாயிக்கு எழுதத் தெரியாது. நோட்டீஸில் இருந்த அந்தச் சுழித்த கையெழுத்து கம்பெனியில் வேறு யாரோ போட்டது. இத்தனை வருஷம் அதை ஊருக்குத் தெரியாமல் காத்து வந்திருக்கிறாள். கஞ்சிரா கீழே எழுதியிருந்தார்: ரசிகர்கள் காலால் எழுதுகிறார்கள், பாட்டரசி கட்டைவிரலால் எழுதுகிறார்.

நான் அதை உரக்கப் படிக்கவில்லை. என்ன போட்டிருக்குது என்று கூடத்தில் கேட்டார்கள். ஒன்றுமில்லை, மழைச் செய்தி என்றேன். சென்னியப்பன் வந்து என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் தறிக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்தை நகத்தால் சுரண்டினான். பாதிக்கு மேல் வரவில்லை. "அன்புடன்" மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது.

எழுதத் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள நான் ஒரு வரி எழுதினேன். அதற்காக அவள் எழுதத் தெரியாதவள் என்பதை நாடே பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. அவள் என்றைக்காவது நேரில் வந்து, எழுதியது யார் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

சாமி, எந்த ஊருங்க?

சில வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தும் நூல் கண்ட்ரோல் போகாத சமயம். எடப்பாடியில் திருவிழா நாடகத்துக்குப் பாவாயி வந்திருந்தாள். பகலில் ஒரு துணிக்கடை முதலாளி வீட்டில் தங்கியிருந்தாள். பெண்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நானும் போய் நின்றேன். நான்தான் எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மைப்பெட்டி. காகிதம் நீட்டியவர்களுக்கெல்லாம் கட்டைவிரலை ஒற்றிக் கொடுத்தாள். ஒளிவுமறைவே இல்லை. இனி என்ன மறைக்க இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

என் முறை வந்தது. மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். வீட்டில் எடுக்கும்போது வெள்ளைப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"சாமி, எந்த ஊருங்க?" என்று கேட்டுக்கொண்டே வாங்கியவள், வாங்கிய கையோடு அதைத் திருப்பினாள். நீலப் பக்கம். ஊதா எழுத்து. எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் அந்தத் தாளைத் தெரிந்துகொண்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்தக் கார்டு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க."

"தறி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

சரி என்று தலையை ஆட்டினாள். தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் விரலை அழுத்தி ஒற்றி, ஊதி உலர்த்தி என்னிடம் கொடுத்தாள். பின்னாலிருந்த பெண் என்னைத் தள்ளினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சொல்ல நேரம் இருந்தது. அவள் ஊதி உலர்த்திய நேரமே போதும். பயத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவள் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷம் ஆகிறது. அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு நேரில் சொல்லாததை இத்தனை பேர் பார்க்கிற அச்சிலாவது சொல்லிவிடுகிறேன்.

பாவாயம்மா, அந்தக் கடுதாசிய எழுதுனது நான்தானுங்க.